கூப்பிட்டால் நிற்கும் போர்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குறுக்கெழுத்துக்குப் போய்விட்டவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. ஒரு வீடு, அதில் ஒரே ஒரு மாடி அறை, அந்த அறைக்காக அடித்துக்கொள்ளும் ஓர் அண்ணன், ஒரு தங்கை. இடையில் ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டது. கதை அங்கேதான் நிற்கிறது.

அண்ணனை வீட்டில் 'பெரியவன்' என்பார்கள். அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் 'தளபதி'. அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர் வேலை. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரன். சொந்த வாழ்க்கையில் அந்த ஒரு கியர்தான் விழும் என்பதால் அனுபவத்துக்குக் குறைவில்லை.

தங்கை பல் டாக்டர். ஊருக்கே வாயைத் திறக்கச் சொல்லும் அவளை வீட்டில் இன்னும் 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய கிளினிக் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர், இந்த மாதத்தோடு இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இனி மாடி அறைதான் கதி. பல் நாற்காலியை எங்கே போடுவது, ஜன்னல் வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழும் என்பதுவரை அவள் அளந்துவிட்டாள்.

ஆனால் அந்த அறையில் ஏற்கெனவே ஒரு சாம்ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. சுவரை மறைத்த டிவி. அதன் கீழே கன்சோல். எதிரே, கால் ஒடிந்து செங்கல்லில் நின்ற சாய்வு நாற்காலி. அதில் சாய்ந்தபடி தளபதி சனிக்கிரகத்தின் வளையங்களில் சுரங்கம் தோண்டினான், வண்டு மாதிரியான இயந்திரங்களை மேய்த்தான், தும்பி மாதிரியான விமானங்களை ஏவினான், சந்திரன் சந்திரனாகப் பிடித்தான். அறையின் ஜன்னல் கொக்கி கழன்று, போன மழைக்காலத்திலிருந்து தொங்குகிறது. அதைத் திருகிவைக்க மட்டும் அண்டசராசரத்தில் ஆள் இல்லை.

அப்பா போன வாரம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியில் பெரியவன் ஜெயித்தால் அறை அவனுக்கு. தோற்றால் பாப்பாவுக்கு. அப்பா எந்த வழக்கையும் இப்படித்தான் முடிப்பார். தான் எழுந்திருக்கத் தேவையில்லாத தீர்ப்பு எதுவோ, அதுவே நியாயம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை.

போட்டி இரட்டையர் போட்டி. தளபதியின் ஜோடி, சார்ஜர் என்ற நண்பன். யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன் சுவரில் பிளக் பாயிண்ட் தேடுவான் என்பதால் அந்தப் பெயர். அந்தச் சார்ஜர் ஒரு பக்கக் கன்னம் பலூனாக வீங்கி வந்து நின்றான். முந்தாநாள் அவனுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது பாப்பாதான். வலி மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. சோபாவில் உட்காரவைத்துக் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். அதைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான்.

தளபதி தங்கையைப் பார்த்தான். அது நல்ல பல், வேண்டுமென்றே பிடுங்கிவிட்டாள், இது போர்க்குற்றம் என்கிற பொருளில் நீளமாக ஏதோ சொன்னான்.

"பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன், எடுத்துட்டு வரவா?" என்றாள் பாப்பா. "சந்தேகம்னா பல்லையே கேட்டுக்கோ."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பல்லைப் பிடுங்கினவளே பல்லுக்குப் பதிலா உக்காரட்டும்."

மேல்முறையீடு இல்லை. பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

பாப்பா மறுக்கவில்லை. யோசிக்க யோசிக்க இனித்தது. அவள் தோற்றால் அறை அவளுக்கு. தோற்பதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி நடந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் அவள். உற்சாகத்தில், பிளாஸ்டர் பல் அச்சுகள் இருந்த அட்டைப்பெட்டியை அப்போதே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றிரண்டு தாடைகள் பெட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து இளித்தன.

பயிற்சி தொடங்கியது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படை, ஒரே கஜானா. திரையில் ரெண்டு அம்புக்குறி ஓடும். சிவப்பு அண்ணனுடையது, மஞ்சள் அவளுடையது. கணினியாக இருந்தால் மவுஸை, அதாவது எலியை, பிடித்து ஒரே இழுப்பில் படையைச் சுற்றி வளைத்துவிடலாம். இங்கே கட்டைவிரலால் ஒரு குமிழைத் தள்ளித் தள்ளி அம்புக்குறியைக் கிரகத்துக்குக் கிரகம் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஈரத் தரையில் மாவு மூட்டையை இழுப்பது போலிருந்தது.

"நீ நீலக்கல் வெட்டு, கட்டடம் கட்டு, உடைஞ்சத ரிப்பேர் பண்ணு," என்றான் தளபதி. "சண்டை நான் பாத்துக்கறேன்."

"அதாவது வீட்டு வேலை எனக்கு."

"இது ரியல் டைம், பாப்பா. மாத்தி மாத்தி ஆடற ஆட்டம் இல்ல. நீ யோசிக்கிற நேரத்துல எதிரி சும்மா இருக்க மாட்டான்."

"நீ யோசிச்சு நான் பாத்ததே இல்லையே. எதிரிக்கு எப்ப ஓய்வு?"

அப்போது மாடிப்படியின் அடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "பெரியவனே."

தளபதியின் கட்டைவிரல் தானாக நகர்ந்து நடுப் பொத்தானை அழுத்தியது. சனிக்கிரகம் அப்படியே நின்றது. பாய்ந்த தும்பிகள் பாய்ந்த நிலையிலும், வெடித்த எதிரி ஆலை பாதி வெடித்த நிலையிலும் உறைந்தன.

"இதோ வரேம்மா," என்றான்.

போகவில்லை. போவதற்கான அறிகுறியாக ஒரு காலைக்கூட நாற்காலியிலிருந்து கீழே இறக்கவில்லை. இது அந்த வீட்டின் வழக்கம். அம்மா கூப்பிடுவாள், போர் நிற்கும், ஆள் நகரமாட்டான். கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர்க் கேன் தரையில் உரசி உரசி நகரும் சத்தம் கேட்டது. அம்மாவே இழுத்துக்கொண்டு போனாள் என்று அதற்குப் பொருள். சத்தம் அடங்கியதும் தளபதி மறுபடி பொத்தானை அழுத்த, ஆலை மீதிப் பாதியையும் வெடித்து முடித்தது.

என்ன ஜென்மம் இது என்று பாப்பா அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவளும்தான் எழுந்து போகவில்லை. ஆனால் கூப்பிட்டது அவளை இல்லையே.

மத்தியானம் சார்ஜரை எழுப்பி அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாலு பேரும் புறப்பட்டார்கள். அம்மா வருகிறேன் என்றதில் எல்லோருக்கும் ஆச்சரியம். அவள் எங்கும் வருவதில்லை. போட்டியை நடத்துவது ஒரு ஃபர்னிச்சர் கடை என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்றாள். டிரைவிங் ஸ்கூல் கார்தான் வீட்டுக்கும் கார். நெற்றியில் சிவப்பு 'L' எழுத்து, பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக். தளபதி ஓட்டினான், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு தெருவைக்கூடத் தன் இஷ்டத்துக்குக் கடந்தது கிடையாது.

கடை ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில், செருப்புக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே இருந்தது. வீட்டில் உட்கார்ந்து ஆடுவது போலவே ஆடலாம் என்பது விளம்பரம். விலைச்சீட்டு தொங்கும் ரெண்டு சோபாக்களை எதிரும் புதிருமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெரிய டிவி வைத்திருந்தார்கள். பரிசும் சோபாதான். மனிதகுலம் வளையங்களைத் தாண்டிச் சென்று அன்னிய ஆலைகளை அழிப்பதெல்லாம் கடைசியில் மூன்று பேர் உட்காரும் பழுப்பு நிற ரெக்சின் சோபாவுக்காக.

டை கட்டிய விற்பனையாளர் மைக்கைப் பிடித்து விதிகளைப் படித்தார். முக்கியமான விதி ஒன்றுதான். ஆட்டம் தொடங்கினால் நடுவில் நிறுத்தக்கூடாது. நடுப் பொத்தானை எந்த அணி அழுத்துகிறதோ, என்ன காரணமாக இருந்தாலும், அந்த அணி தோற்றதாக அர்த்தம். தளபதி இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டான். விதிகள் சாதாரண வீரர்களுக்கு.

எதிரணி வந்து உட்கார்ந்தது. ஒரு மச்சானும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளையைப் பார்த்ததும் பாப்பாவின் முகம் மாறியது. அவளைக் காலி பண்ணச் சொன்ன கட்டடக்காரரின் மகன்தான் அவன். மாதம் தவறாமல் முதல் தேதி காலையில் கிளினிக் வாசலில் வந்து நிற்பதால், பாப்பாவும் அவளுடைய நர்ஸும் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'வாடகை'.

வாடகைக்கு அவளைப் பார்த்ததில் ஏக சந்தோஷம். தானெல்லாம் கணினியில் எலி பிடித்து ஆடி வளர்ந்தவன் என்றும், சோபாவுக்காகத்தான் இந்தக் கீழ்ச்சாதிச் சாதனத்தைக் கையில் தொடுவதாகவும் சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினான்.

"கன்ட்ரோலர்ல படை நடத்தறது இருக்கே," என்றான், "கையுறை மாட்டிக்கிட்டு ஊசில நூல் கோக்கற மாதிரி."

"நான் தினமும் கையுறை மாட்டிக்கிட்டுத்தான் தையல் போடறேன்," என்றாள் பாப்பா.

வாடகை சிரித்தான். "உங்களுக்குச் சுரங்க வேலையா டாக்டர்? சரிதான். தோண்டறது பழக்கம்தானே. ஆமா, சாமானெல்லாம் கட்டியாச்சா? அந்த இடத்த எடுத்திருக்கிற செருப்புக் கடைக்காரர் அளவெடுக்க வரணும்னு சொல்றார்."

பாப்பா கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள்.

முதல் கொஞ்ச நேரம் அவள் தன் திட்டப்படியே நடந்தாள். நீலக்கல்லை வெட்டாமல் வண்டுகளை ஊர்வலம் விட்டாள். தேவையில்லாத இடத்தில் தேவையில்லாத கோபுரம் கட்டினாள். தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு கஜானா காலி, கஜானா காலி என்று முணுமுணுத்தான். எதிரே வாடகை, தன் மச்சானிடம் எல்லோருக்கும் கேட்கிற குரலில் பேசிக்கொண்டே ஆடினான். டாக்டரம்மாவுக்கு வாயைத் தவிர வேறெதுவும் தெரியாது, பாவம், அண்ணன் வேறு இப்படி, வீட்டில் யாராவது ஒருத்தராவது உருப்படுகிறார்களா என்றெல்லாம் சொன்னான்.

அண்ணனைப் பற்றி அதையே அவளும் நாள்தோறும் சொல்கிறாள்தான். ஆனால் அது குடும்பச் சொத்து. வெளியாள் எடுத்துப் பயன்படுத்துவது திருட்டு.

மஞ்சள் அம்புக்குறி திடீரென்று நேராக நடக்கத் தொடங்கியது. வண்டுகள் ஊர்வலத்தைக் கலைத்துச் சுரங்கத்தில் இறங்கின. கஜானா நிரம்பியது. தளபதி ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயந்தான்.

அவன் தும்பிகளை எதிரியின் முன்வாசலில் மோதவிட்டு மோதவிட்டு இழந்துகொண்டிருந்தான். அங்கே பீரங்கிக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. வாடகை எல்லாவற்றையும் முகப்பில் கொட்டிக் கட்டியிருந்தான். பாப்பா அந்தத் தளத்தை ஒரு வாயைப் பார்ப்பதுபோல ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். பின்பக்கத்தில், உலையைக் குளிர்விக்க ஒரு நீண்ட குழாய் போயிற்று. காவல் எதுவும் இல்லை.

அவளுக்கு அந்தக் குழாயைத் தெரியும். அதாவது, அந்த மாதிரிக் குழாயை. கிளினிக்கின் கழுவு தொட்டிக்குக் கீழே அது வருஷக்கணக்காக ஒழுகுகிறது. எத்தனையோ முறை சொல்லியும் வாடகை, பார்க்கிறேன் டாக்டர் என்பான், பார்ப்பான், போய்விடுவான். வாளி வைத்துப் பிடித்தது இவள்.

"அண்ணா, முன்னாடி முட்டாதே," என்றாள் மெதுவாக. "பின்னாடி குழாய் இருக்கு பாரு. அத லேசா கடிச்சு விட்டுட்டு வா."

"லேசா கடிச்சா ரிப்பேர் பண்ணிடுவாங்க பாப்பா. ஒரு வண்டு போதும்."

"பண்ணமாட்டான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் அவனோட குடித்தனக்காரி."

சிவப்பு அம்புக்குறி வாழ்க்கையில் முதல் முறையாகப் பிறர் சொன்ன பக்கம் திரும்பியது. நாலைந்து தும்பிகள் சுற்றிப் போய்க் குழாயில் ஓட்டை போட்டுவிட்டுத் திரும்பின. வாடகையின் திரையில் ஓர் எச்சரிக்கை விளக்கு மினுக்கியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு பீரங்கிக் கோபுரம் கட்டினான்.

விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மச்சான்கூட ஒரு தடவை ஜாடை காட்டினான். பார்த்துக்கலாம் விடு என்றான் வாடகை. உலை கொதித்தது. பிறகு முகப்பிலிருந்த கோபுரங்கள் ஒவ்வொன்றாக, பில் கட்டாத வீட்டு விளக்குகள் போல அணைந்தன.

கூட்டம் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. அப்பா பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி அவர் செய்து யாரும் பார்த்ததில்லை. பாப்பா தன்னையறியாமல் முழங்கால் மேல் முழங்கை ஊன்றி முன்னால் குனிந்திருந்தாள். அறை, நாற்காலி, ஜன்னல் வெளிச்சம் எதுவும் நினைவில் இல்லை. இவனிடம் மட்டும் தோற்கக்கூடாது. திரைக்கு மேலாகப் பார்வை போன ஒரு கணத்தில், தூரத்தில் கட்டில்கள் வரிசையில் அம்மா ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பது தெரிந்தது. களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு மறந்தாள்.

எதிரியின் தலைமை ஆலை மட்டும்தான் மிச்சம். தளபதி மொத்தப் படையையும் திரட்டினான். "பாப்பா," என்றான், "இதுவரைக்கும் சார்ஜர்கூட இப்படி ஆடினதில்ல." தும்பிகள் பாய்ந்தன. ஆலையின் சுவர் பிளந்தது. வாடகை கன்ட்ரோலரை ஸ்டியரிங் மாதிரி இடமும் வலமும் திருகிக்கொண்டிருந்தான்.

"பெரியவனே."

சத்தமாக இல்லை. கட்டில் வரிசையிலிருந்து, மாடிப்படி அடியில் நின்று கூப்பிடும் அதே குரலில்.

கட்டைவிரல் தானாக நகர்ந்து நடுப் பொத்தானை அழுத்தியது.

ரெண்டு டிவியும் நின்றன. பிளந்த ஆலை பிளந்தபடி, பாய்ந்த தும்பிகள் பாய்ந்தபடி. அந்த நிசப்தத்தில் தளபதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தெளிவாகச் சொன்னான்.

"இதோ வரேம்மா."

விற்பனையாளர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், என்ன சொல்வதென்று தெரியாமல் இறக்கி, மறுபடி கொண்டுபோனார். தளபதி தன் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"எதுக்கும்மா கூப்பிட்ட?"

"ஒண்ணுமில்லப்பா," என்றாள் அம்மா. "நீ ஆடு."

வாடகைக்குச் சோபா கிடைத்தது. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டான். எடுக்கும்போது, முதல் தேதிக்குள் சாவியைக் கொடுத்துவிடுங்கள் டாக்டர் என்று நினைவுபடுத்தவும் மறக்கவில்லை.

திரும்பும் வழியில் தளபதி ஓட்ட, அப்பா வழக்கத்தைவிட அதிகமாகப் பிரேக் போட்டார். பாப்பாவுக்கு எரிச்சல் அடங்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, மாடி அறை அவளுடையது, ஆனால் அந்தக் குழாயைக் கண்டுபிடித்தது வீணாய்ப் போயிற்றே என்றிருந்தது. கொஞ்ச தூரம் போனபின்தான் அவளுக்கு உறைத்தது. அம்மா வேண்டுமென்றே கூப்பிட்டிருக்கிறாள். விதியைக் கேட்டுவிட்டு, நேரம் பார்த்து, மகளுக்காக. வாயில்லாப் பூச்சி என்று நினைத்த அம்மாவுக்குள் இவ்வளவு வியூகமா?

பின்சீட்டில் அம்மாவின் கையைத் தொட்டு, முன்னால் கேட்காதபடி சொன்னாள். "தேங்க்ஸ்மா."

"எதுக்கு?" என்று அம்மா அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

அந்தப் பார்வை பாப்பாவுக்குப் பழக்கமானது. வாயைத் திறக்கத் தெரியாத நோயாளிகளைப் பாப்பா பார்க்கும் பார்வை. அதை அவள் எங்கிருந்து கற்றாள் என்று இதுவரை யோசித்ததில்லை.

அப்பாவின் பிரேக்குகளை முந்திக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் ஃபர்னிச்சர் கடையின் வேன் நின்றுகொண்டிருந்தது. ரெண்டு ஆட்கள் இறங்கி, அட்டை சுற்றிய ஒரு கட்டிலை இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். ஒற்றைக் கட்டில்.

"மாடிக்குன்னு சொன்னாங்க," என்றார் ஒருவர்.

தவறான வீடு என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் அம்மா அவர்களைத் தாண்டி உள்ளே போய், மாடிப்படி உச்சியில் ஏறி நின்றுகொண்டாள். அங்கிருந்து பேசினாள். குரல் உயரவில்லை. முதலில் டிவியை இறக்குங்கள், கண்ணாடி பத்திரம். பெரியவனே, ஒயரையெல்லாம் சுருட்டு. செங்கல்லோடு அந்த நாற்காலியைக் கொல்லைக்குக் கொண்டுபோ. பாப்பா, உன் பல் பெட்டியை எடு, பார்த்தாலே பயமாயிருக்கிறது. ஏங்க, நடுவில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்குங்கள்.

என்ன நடக்கிறது என்று புரிவதற்கு முன்பே எல்லோரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். தளபதியே ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். டிவி சாப்பாட்டு மேசைக்கு வந்தது. கன்சோல் செருப்பு அலமாரி மேல் ஏறியது. கூடத்து மூலையில் பிளாஸ்டர் தாடைகள் இளித்தன.

பாப்பாவுக்குத்தான் முதலில் வாய் திறந்தது. "அம்மா, அந்த ரூம் எனக்குன்னு அப்பா சொல்லியாச்சு."

"தோத்தா உனக்கு, ஜெயிச்சா அவனுக்கு," என்றாள் அம்மா. "கேட்டேன். என்கிட்டயும் ஒரு வார்த்தை வரும்னு கொஞ்ச நேரம் பாத்தேன்."

"அதுக்காகத்தான் நடுவுல கூப்பிட்டு என்னைத் தோக்கடிச்சியா?" என்றான் தளபதி.

"உன்னைத் தோக்கடிக்க நான் எதுக்குடா? கட்டில் நம்ம படி வளைவுல திரும்புமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நீதான் தினம் ஏறி இறங்கறவன்." கீழே பார்த்து ஆட்களிடம் சொன்னாள். "தலைமாட்டைத் தூக்கிப் பிடிங்க. அப்படியே சாய்ங்க. பாப்பா, அந்தக் காலைப் பிடி."

பாப்பா கட்டில் காலைப் பிடித்தாள். வளைவில் அது சுவரைச் சுரண்டியது, ஒரு கணம் மாட்டிக்கொண்டது, பிறகு திரும்பிவிட்டது.

அப்பா தொண்டையைச் செருமினார். "யாரைக் கேட்டு வாங்கின?"

"கூப்பிட்டேனே," என்றாள் அம்மா. "இந்த வீட்ல நான் கூப்பிட்டு நின்னது அந்த டிவிச் சண்டை ஒண்ணுதான். அதுக்கு மட்டும்தான் மரியாதை தெரிஞ்சுது."

ஆட்கள் கட்டிலைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். அம்மா கீழே அப்பா படுக்கும் அறையிலிருந்து தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, வழியில் இருந்த மூன்று பேரையும் சாமான்களைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு மேலே போனாள். ஜன்னல் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. பிறகு திருகாணியைத் திருகும் சத்தம் கேட்டது. கொக்கி மாட்டியாயிற்று போலும்.

கூடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். விளக்கு போடவில்லை. யாராவது போடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அறை கையை விட்டுப் போனதைக் கணக்குப் பார்க்க முயன்ற பாப்பாவுக்கு, சண்டை போட வேண்டிய ஆள் யார் என்றே பிடிபடவில்லை. தளபதி சுருட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று யாரையோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

அப்பா மாடிப்படியின் அடிக்குப் போனார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அந்த இடத்தில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட வேண்டி வந்ததில்லை.

"இந்தா. கொஞ்சம் கீழ வந்துட்டுப் போ."

மேலேயிருந்து உடனே பதில் வந்தது. நல்ல குரலில், கோபமே இல்லாமல்.

"இதோ வரேங்க."

காத்திருந்தார்கள். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. யாரும் வரவில்லை. பிறகு உள்தாழ்ப்பாள் விழுந்தது.

அப்பா முதல் படியில் காலை வைத்தார். வைத்த காலை எடுக்கவும் இல்லை, அடுத்த காலைத் தூக்கவும் இல்லை.